மனநல வார்டில் மாலை ஷிப்ட்: காலை, இரவு, 12 மணி நேர ஷிப்ட்டுகளோடு ஓர் ஒப்பீடு

மனநலப் பிரிவில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆன இளம் செவிலியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நிரந்தரமாக மாலை ஷிப்ட் தருகிறோம் என்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாமா?" சிலருக்கு விடியற்காலையில் எழுவதே பெரும்பாடாக இருக்கிறது. சிலர் இரவு ஷிப்ட்டிலிருந்து விடுபட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர் மாலைப் பணிக்குக் கிடைக்கும் கூடுதல் படியைக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். ஆயினும் அவற்றில் எதையும் முதன்மையாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது, எல்லா ஷிப்ட்டுகளிலும் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து. மருத்துவரும் உளவியலாளரும் சமூகப்பணியாளரும் ஐந்து மணிக்குக் கிளம்பிப் போன பின், வார்டில் நோயாளிகளோடு எஞ்சியிருப்பவர் செவிலியர்தான். அந்த ஆறு மணி நேரப் பொறுப்பு உங்களுக்கு வேண்டுமா, அதற்கு ஈடாக உங்கள் வீட்டு மாலைப் பொழுதைக் கொடுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே பேசப்படுவது உள்நோயாளிப் பிரிவு. பணி நேரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், காலை 7 முதல் பிற்பகல் 3 வரை, பிற்பகல் 3 முதல் இரவு 11 வரை, இரவு 11 முதல் காலை 7 வரை என்னும் மூன்று ஷிப்ட் பங்கீட்டையும், 7 முதல் 7 வரையிலான 12 மணி நேர முறையையும் அடிப்படையாகக் கொள்கிறேன். உங்கள் மாலை ஷிப்ட் இரவு 9 மணிக்கே முடிந்துவிடும் என்றால், தூக்கத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கும் கவலைகளில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், நோயாளியோடு உண்மையில் உட்கார்ந்து பேசக் கிடைக்கும் நேரம். மனநலப் பணியில் உரையாடலும் சிகிச்சையின் ஒரு பகுதி. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவின் வழியாகவே இந்தப் பணி நடக்கிறது என்பதை அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லவ் 1952லேயே விரிவாக எடுத்துரைத்தார். எனவே எந்த ஷிப்ட் இதற்கு இடம் தருகிறது என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக வைக்கிறேன்.

இரண்டாவது, நெருக்கடி வரும்போது கூப்பிட்டால் வந்து நிற்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. மூன்றாவது, உங்கள் தூக்கமும் உடலும். நான்காவது, வீடு. ஐந்தாவது, தொழிலில் நீங்கள் கற்பதும் பிறர் உங்களைக் கவனிப்பதும். ஷிப்ட் படியை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. மேலும், இரவு வேளைப் போக்குவரத்தும், குறித்த நேரத்துக்கு மேல் ஊதியமின்றிச் செலவாகும் அரைமணியும் அதில் எவ்வளவைத் தின்றுவிடுகின்றன என்பதைக் கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

## காலை ஷிப்ட்

காலையில் வார்டு முழு ஆள்பலத்தோடு இயங்குகிறது. மருத்துவர்களின் ரவுண்ட்ஸ், ரத்தப் பரிசோதனைகள், இ.சி.டி. எனப்படும் மின்னதிர்வு சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சைக் குழுக்கள், குடும்பத்தாருடனான சந்திப்புகள், டிஸ்சார்ஜ் என அத்தனையும் இந்த எட்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடமில்லை. ஒரு மருந்து ஏன் மாற்றப்பட்டது, ஒரு நோயாளியின் பேச்சில் மருத்துவர் எதைக் கவனித்தார், சிகிச்சைத் திட்டம் எந்தக் காரணத்தால் தள்ளிப்போனது என்பவற்றையெல்லாம் அருகில் நின்று கேட்கும் வாய்ப்பு மாலையில் கிடைக்காது. ஒருவர் கத்தத் தொடங்கினால் உதவிக்கு வர ஆட்கள் இருப்பார்கள்.

இதன் மறைவான விலை, நோயாளிகள் சூழ இருந்தும் அவர்களோடு பேச நேரமில்லாமல் போவது. பத்து மணிக்கு ஒரு படுக்கையின் அருகே உட்கார்ந்தால், பத்தேகாலுக்குள் மூன்று முறையாவது யாராவது உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். மற்றொரு விலையை உடல் கொடுக்கிறது. இயல்பிலேயே தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழும் உடல்வாகு கொண்டவர், ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பதற்காக இரவு ஒன்பதுக்கே படுத்தாலும் தூக்கம் வராது. வாரம் முழுவதும் அவர் தூக்கக் கடனோடுதான் நடமாடுவார். பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ளவர்களுக்கோ காலை ஷிப்ட்டுக்கு நிகராக எதுவும் இல்லை.

## மாலை ஷிப்ட்

### பேச்சு திறக்கும் நேரம்

ரவுண்ட்ஸின்போது ஆறேழு பேர் படுக்கையைச் சுற்றி நிற்க, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலான நோயாளிகள் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். அதே நோயாளி, பார்வையாளர்கள் போய் வார்டு சற்று அடங்கிய ஆறரை மணிக்கு, துணி மடித்துக்கொண்டோ கேரம் ஆடிக்கொண்டோ இருக்கும்போது வேறு விதமாகப் பேசுவார். மூன்று வாரமாக ரவுண்ட்ஸில் "ஒன்றுமில்லை" என்ற ஒரே பதிலைச் சொல்லிவந்த ஒருவர், ஒரு மாலையில் நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது, "அந்த உறையைத் துவைக்கப் போடாதீங்க சிஸ்டர்" என்றார். ஏன் என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நெடுநேரம் எதுவும் பேசாமல் இருந்தவர், பிறகு உறையின் ஓரத்தைக் காட்டினார். தையலைப் பிரித்து உள்ளே பதினொரு மாத்திரைகளை ஒளித்துவைத்திருந்தார். கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, விழுங்கியதுபோல் காட்டிச் சேர்த்தவை. அவற்றை எதற்காகச் சேர்த்தார் என்பதையும் அன்றுதான் சொன்னார். அவருக்கான கண்காணிப்பு அந்த இரவே மாற்றப்பட்டது. காலை ஷிப்ட்டாக இருந்திருந்தால் உறையை வேறொருவர் மாற்றியிருப்பார், நான் ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்திருப்பேன்.

மாலை ஷிப்ட்டை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான். இந்த நேரத்தைப் பயன்படுத்தாமல் நர்ஸிங் ஸ்டேஷனின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கழிப்பவருக்கு மாலை ஷிப்ட்டால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. அதன் ஆபத்துகளோ அப்படியே இருக்கும்.

### இரவு மருந்தும் மறுநாளுக்கான ஆயத்தமும்

மனநல மருந்துகளில் உறக்கம் தரக்கூடியவை பலவும் இரவு வேளைக்குத்தான் எழுதப்படுகின்றன. ஆகவே பல வார்டுகளில் நாளின் பெரிய மருந்துச் சுற்று மாலை செவிலியருடையதாகிவிடுகிறது. இது வெறும் விநியோகம் அன்று என்பதற்கு, மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் என்னும் மருந்து ஒன்றே போதுமான சான்று. ரத்தத்தில் அதன் அளவை, கடைசி வேளை கொடுத்து 12 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை கொடுத்தால் மறுநாள் காலை 9 மணிக்கு ரத்தம் எடுக்கலாம். வார்டில் ஒரு கலவரம், அதனால் மாத்திரை 10.30க்குத்தான் கொடுக்கப்பட்டது, ஆனால் சார்ட்டில் வழக்கம்போல் 9 என்று எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் எடுத்த ரத்தத்தில் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைத்தால், குணமாகி வந்தவர் மீண்டும் சரியக்கூடும். கொடுத்த நேரத்தை உள்ளபடி எழுதுவது எத்தனை சிறிய செயல், எத்தனை பெரிய விளைவு!

மறுநாள் இ.சி.டி. உள்ளவரை வெறும் வயிற்றோடு இருக்கச் செய்வது, அதை அவருக்கும் உடனிருப்பவருக்கும் புரியவைப்பது, தூக்கத்துக்கு எழுதப்பட்டிருக்கும் பென்சோடையசெபைன் வகை மாத்திரையைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்வது ஆகியவையும் மாலை செவிலியரின் வேலை. இ.சி.டி. பலன் தருவது அது உண்டாக்கும் வலிப்பின் வழியாகத்தான். அவ்வகை மாத்திரைகள் அந்த வலிப்பு எழுவதைத் தடுப்பதால், கேட்காமல் கொடுத்தால் மறுநாள் சிகிச்சையின் பலன் குறைந்துவிடலாம்.

### கிளர்ச்சி மூளும் நேரம்

மாலையின் கடினமான முகத்தையும் சொல்லியாக வேண்டும். முதுமை மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயத் தொடங்கியதும் குழப்பமும் பதற்றமும் கூடுகின்றன. காலையில் அமைதியாகச் செய்தித்தாளைப் புரட்டிய முதியவர், ஐந்தரை மணிக்குப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா தேடுவாங்க, வீட்டுக்குப் போறேன்" என்று கதவருகே நிற்பார். மதுவை நிறுத்திய கையோடு சேர்க்கப்பட்டவருக்கு முதல் இரண்டு நாள்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். பார்வையாளர் நேரம் முடிந்ததும், யாரும் வராத நோயாளி தனியாகச் சன்னலருகே போய் நிற்பார். வந்தவர்களோடு சண்டை போட்டவர் அந்தக் கோபத்தை வார்டுக்குள் கொண்டுவருவார். தொலைக்காட்சி எப்போது அணைய வேண்டும், தொலைபேசியில் யார் எத்தனை நிமிடம் பேசலாம், வெளியே போக அனுமதி ஏன் கிடைக்கவில்லை என்பவை போன்ற சிறு மறுப்புகள்தாம் பெரும் மோதல்களுக்குத் தீப்பொறி ஆகின்றன. பிரிட்டனில் லென் பவர்ஸும் அவரது குழுவினரும் வகுத்த சேஃப்வார்ட்ஸ் முறை, இத்தகைய கணங்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு தணிப்பதையே அடிப்படையாகக் கொண்டது. மாலை ஷிப்ட்டில் இருப்பவர் அதில் உள்ள பத்து வழிமுறைகளையும் படித்திருப்பது நல்லது. குறிப்பாக, மறுப்பைச் சொல்லும்போது மென்மையான சொற்களைத் தேர்வதும், ஒருவருக்குக் கெட்ட செய்தி வரப்போகிறது என்று தெரிந்தால் அவர் அருகில் இருப்பதும் மாலையில் உடனே பயன்படுபவை.

குழப்பம், எரிச்சல், இரைச்சலான நடத்தை, சொல்லால் மிரட்டுதல், உடலசைவால் மிரட்டுதல், பொருள்களைத் தாக்குதல் என்னும் ஆறு அறிகுறிகளைக் கொண்டு வன்முறை அபாயத்தை முன்கூட்டியே கணிக்கும் ப்ராசெட் பட்டியலை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் நிரப்பும் வார்டுகள் உண்டு. அந்த வழக்கம் இல்லாத வார்டிலும், மூன்று மணிக்குப் பணியேற்றதும் இந்த ஆறையும் மனத்தில் வைத்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால், எட்டு மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஹேலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தைத் தொடங்கி மூன்றாம் நாள், ஓர் இளைஞர் இரவு எட்டு மணியளவில் தாழ்வாரத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். கிளர்ச்சி கூடிவிட்டது என்று நினைத்து, சக செவிலியர், தேவைப்படும்போது மட்டும் போடும் எஸ்.ஓ.எஸ். ஊசிக்கு மருந்தை எடுத்துவிட்டார். அந்த ஊசியும் ஹேலோபெரிடால்தான். "கோபமா இருக்கா, இல்லை உட்காரத்தான் முடியலையா?" என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். "உட்காரணும்னுதான் இருக்கு, கால் விடமாட்டேங்குது சிஸ்டர்" என்றார். அது அகத்தீசியா என்னும் பக்கவிளைவு. ஊசி போட்டிருந்தால் அவர் துன்பம் இன்னும் கூடியிருக்கும். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் ஹேலோபெரிடாலின் அளவைக் குறைத்து, ப்ரோப்ரனலால் எழுதச் சொன்னார். காலையில் இப்படி ஒருவரைக் கவனிக்க நான்கு சோடிக் கண்கள் இருக்கும். மாலையில் பல சமயம் உங்கள் கண்கள் மட்டும்தான்.

### உதவிக்கு வரக்கூடியவர்கள்

ஐந்து மணிக்குப் பிறகு மருத்துவர் என்பவர் பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் பணிமருத்துவர். அவருக்கு உங்கள் நோயாளியைத் தெரியாது. ஆகவே நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் வேண்டுகோள் என்னும் வரிசையில் இரண்டே நிமிடத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசி வழி வரும் உத்தரவுகளில் பிழை தென்பட்டால் தடுத்து நிறுத்தும் கடைசி ஆளும் நீங்கள்தான். கிளர்ச்சியைத் தணிக்கும் ஓலான்சபைன் ஊசியும் லோரசெபாம் ஊசியும் ஒன்றாகச் சொல்லப்பட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும் என்று எடுத்துச் சொல்லும் துணிவு இருக்க வேண்டும்.

ஆள்கணக்கும் அப்படித்தான். நான் பயின்ற முறையில், ஒருவரைக் காயமின்றிப் பிடித்து நிறுத்தக் கைகால்களுக்கு நால்வரும், தலைப்பக்கம் நின்று மூச்சைக் கவனித்துக்கொண்டே பேச்சுக் கொடுக்க ஒருவரும் என ஐவர் வேண்டும். மாலையில் மூவர் மட்டும் உள்ள வார்டில், மற்ற இருவர் எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்பது தெரியாமல் பொறுப்பேற்பது ஆபத்து. பணி தொடங்கி ஓராண்டு ஆகாதவர் மாலை ஷிப்ட்டில் பொறுப்புச் செவிலியராக நிறுத்தப்படுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

### தூக்கம்

உடலின் நோக்கில் பார்த்தால், மாலை ஷிப்ட் மற்றவற்றைவிடக் கருணையானது. மனித உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்ட சுழற்சி கொண்டது என்பதால், தூக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுவது அதை முன்னுக்கு இழுப்பதைவிட எளிது. 11 மணிக்குப் பணி முடித்து, ஒரு மணிக்குப் படுத்து, காலை எட்டரைக்கு எழுபவர் தமது தூக்கத்தில் பெரும்பகுதியை இருளிலேயே பெற்றுவிடுகிறார்.

ஆனால் இந்த நன்மை முழுவதையும் கெடுக்கக்கூடிய ஒன்று உண்டு. இன்று மாலை ஷிப்ட், நாளை காலை ஷிப்ட் என்று பணிப்பட்டியல் போடுவதுதான் அது. இரவு 11 மணிக்கு முடிந்து காலை 7 மணிக்குத் திரும்புவதற்கு இடையே எட்டு மணி நேரம்தான் இருக்கிறது. வீடு போய்ச் சேரவும், குளித்து மனம் அடங்கவும், காலையில் கிளம்பவும் ஆகும் நேரத்தைக் கழித்தால், எஞ்சுவது நான்கு மணி நேரத் தூக்கம், மிஞ்சினால் ஐந்து. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியர்களுக்காக வெளியிட்ட 157ஆம் பரிந்துரை, இரண்டு ஷிப்ட்டுகளுக்கு இடையே தொடர்ச்சியாகக் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி, நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கோருகிறது. உங்களுக்குத் தரப்படும் பட்டியல் இந்த அளவை மீறுகிறதா என்று பாருங்கள். மீறுகிறது என்றால், அதற்கு "மாலை ஷிப்ட்" என்று பெயர் இருந்தாலும், நான் மேலே சொன்ன தூக்க நன்மை எதுவும் அதில் இல்லை.

### வீடு

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்த ஆண்டு முழுவதும் எனக்கு மாலை ஷிப்ட். அவள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் நான் வார்டில் பணியேற்றுக்கொண்டிருப்பேன். நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு கேள்வி எழுதி வைப்பாள், இரவில் அதன்கீழ் நான் பதில் எழுதி வைப்பேன். பதினான்கு மாதங்கள் இப்படியே போனபின், ஒரு நாள் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். மறுவாரமே காலை ஷிப்ட் கேட்டு விண்ணப்பித்தேன். கைக்குழந்தை உள்ளவருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. பகலின் முதல் பாதி முழுவதும் குழந்தையோடு கழிகிறது, மாலையில் வீட்டில் வேறொருவர் இருந்தால் போதும். பள்ளிப் பருவக் குழந்தைகள் விஷயத்தில்தான், வேலைநாள்களில் ஒருவரையொருவர் விழித்திருக்கும்போது பார்ப்பதே அரிதாகிவிடுகிறது. மணமானவர்களில், துணைவரும் பகல்நேர வேலையில் இருந்தால், ஒரே வீட்டில் இருந்துகொண்டு துண்டுச்சீட்டில் பேசிக்கொள்ளும் நிலை வரும்.

பகல் முழுவதும் கையில் இருப்பது மறுபுறத்து வரவு. மேற்படிப்பு, வங்கி, மருத்துவமனை, வயதான பெற்றோரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது ஆகியவற்றுக்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. இந்தக் காலை நேரத்தில் இரண்டாவது வேலை ஒன்றைச் சேர்த்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை நான் வன்மையாக மறுக்கிறேன். களைத்த செவிலியர் மாலை எட்டு மணிக்குச் செய்யும் தவற்றை நோயாளிதான் சுமக்கிறார்.

### கணக்கில் வராத இழப்புகள்

பயிற்சி வகுப்புகள், சிகிச்சைக் குழுக் கூட்டங்கள், மேற்பார்வை உரையாடல்கள் எல்லாம் பகலில் நடப்பவை. கலந்துகொள்ள வேண்டுமானால் உங்கள் சொந்த நேரத்தில் வர வேண்டும். பதவி உயர்வு பேசப்படும்போது, தலைமை மருத்துவருக்கு உங்கள் பெயர் தெரியும், முகம் தெரியாது. ஆயினும் தனியாக முடிவெடுக்கும் திறன் வேறெந்த ஷிப்ட்டிலும் இவ்வளவு வேகமாக வளராது. அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதால், எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் நீங்களே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று மனம் சார்ந்தது. இரவு பத்து மணிக்கு ஒருவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தால், அதைப் பற்றிய கலந்துரையாடல் மறுநாள் காலையில், நீங்கள் இல்லாதபோது நடக்கும். நீங்களோ கையில் நகக்கீறலோடு, இரவு நேர வண்டியில் தனியாகத் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். என் ஆரம்ப ஆண்டுகளில் இது என்னை மிகவும் வாட்டியது. பிறகு, கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் அன்றைய ஷிப்ட்டில் இருந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுவது என்று ஒரு வழக்கத்தை நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

## இரவு ஷிப்ட்

இரவின் வேலை, பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் எளிதன்று. குறித்த இடைவெளியில் ஒவ்வொரு படுக்கையருகிலும் சென்று மூச்சைப் பார்ப்பதும், யார் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று நேர்மையாகக் குறிப்பதும் நோயறிதலையே மாற்றக்கூடியவை. பித்து நிலைக்குள் போகிறவரின் தூக்கம் குறைந்துவருவதை முதலில் காண்பவர் இரவு செவிலியர்தான். ஆனால் உரையாடலுக்கு நேரம் குறைவு, ஆள்பலமும் மிகக் குறைவு, விடிகாலை நான்கு மணியளவில் உடல் வெப்பநிலையும் விழிப்பும் மிகத் தாழ்ந்துவிடும். இரவுப் பணியை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பிரிவில், அதாவது 2ஏ பிரிவில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்து, 2019இலும் அதை உறுதிப்படுத்தியது. பகலில் இருட்டும் அமைதியுமான ஓர் அறையும், அதை மதிக்கும் குடும்பமும் உள்ளவர் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். கூடுதல் படிக்காக மட்டும் இரவை எடுப்பவருக்கு மாலை ஷிப்ட்டே மேல் என்பேன்.

## 12 மணி நேர ஷிப்ட்டும் சுழற்சி முறையும்

வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள்கள் மட்டும் வேலை என்பது கவர்ச்சியானது. வெகுதொலைவிலிருந்து வருபவர்களுக்குப் பயணம் மிச்சமாகிறது, காலையில் பழகிய நோயாளியை மாலையிலும் நீங்களே பார்க்கிறீர்கள். மனநல வார்டில் எனக்கு இதில் உள்ள தயக்கம், பொறுமையைப் பற்றியது. பத்து மணி நேரம் நின்றவர், பதினோராம் மணியில் ஒரே கேள்வியை நாற்பதாவது முறையாகக் கேட்கும் நோயாளிக்கு முதல் முறை சொன்ன அதே குரலில் பதில் சொல்வது கடினம். வார்டின் கொதிப்பான நேரம் பகல் 12 மணி நேரப் பணியின் இறுதியில் வந்து சேர்வது அந்த முறையின் பெரிய குறை.

சுழற்சி முறையைத் தவிர்க்க முடியாது என்றால், காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் பட்டியலைக் கேளுங்கள். அது உள்கடிகாரத்தின் போக்கோடு ஒத்துப்போகும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | காலை | மாலை | இரவு | 12 மணி நேரப் பகல் |
|---|---|---|---|---|
| நோயாளியோடு பேச நேரம் | குறைவு | மிகுதி | குறைவு, விழித்திருப்பவரோடு மட்டும் | நடுத்தரம் |
| உடனடி உதவி | மிகுதி | குறைவு | மிகக் குறைவு | மாலை வரை மிகுதி |
| தூக்கம் | தாமதமாகத் தூங்குபவருக்குக் கடினம் | நன்று, மறுநாள் காலை ஷிப்ட் இல்லாவிடில் | மோசம் | பணிநாளில் குறையும் |
| பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடு | பொருந்தும் | பொருந்தாது | ஓரளவு | விடுப்பு நாள்களில் மட்டும் |
| கற்றல் | பிறரிடமிருந்து | தன் முடிவுகளிலிருந்து | குறைவு | இரண்டும் ஓரளவு |
| மறைவான விலை | உரையாடல் இன்மை | தனிமை, தாமதமான வீடு திரும்பல் | உடல்நலம் | இறுதி மணி நேரக் களைப்பு |

## யாருக்கு எது

பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகாதவர் காலை ஷிப்ட்டிலேயே இருங்கள். ஒன்றிரண்டு ஆண்டு அனுபவம் பெற்று, நோயாளிகளோடு பேசும் கலையில் ஆழ விரும்புபவர், தாமதமாகத் தூங்கும் உடல்வாகு கொண்டவர், மேற்படிப்புப் படிப்பவர், கைக்குழந்தை உள்ளவர் ஆகியோருக்கு மாலை ஷிப்ட்டை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். என்னைச் செவிலியராக்கியது அந்த மாலைகள்தாம். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவரும், அண்மையில் மணமுறிவையோ இழப்பையோ சந்தித்துத் தனியாக வாழ்பவரும் அதைத் தவிர்ப்பது நல்லது. பின்னவருக்கு, வார்டின் துயரத்தைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் வெறும் வீட்டுக்குத் திரும்புவது தாங்கக்கூடியதன்று.

## கையெழுத்திடும் முன்

மாலை ஷிப்ட்டை ஏற்பது என்று முடிவு செய்தால், மேற்பார்வையாளரிடம் நான்கு விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து மணிக்குப் பின் பணிமருத்துவர் வளாகத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? அபாய மணியை அழுத்தினால் பயிற்சி பெற்ற எத்தனை பேர், எங்கிருந்து வருவார்கள்? மாலைக்கு மறுநாள் காலை ஷிப்ட் போடப்படுமா? அடுத்த ஷிப்ட்டிடம் ஒப்படைப்பு முடியும் வரையிலான நேரம் ஊதியக் கணக்கில் சேருமா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றால், வார்டுக்கே ஒரு மாலை சென்று அங்கிருக்கும் செவிலியர்களிடம் கேளுங்கள்.

நிரந்தரம் என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு என்று எழுதி, அதன்பின் காலை ஷிப்ட்டுக்குத் திரும்பும் உரிமை உண்டு என்ற வரியையும் அதே தாளில் சேர்த்து, மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த உறுதியை நம்பியிருந்த நான், விண்ணப்பித்த பிறகும் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.